பிஸ்டனின் இடது காது

அடுகோடி ஏரியாவில் லேத் பட்டறைகள் வரிசையாக இரைகிற ஒரு தெரு. அந்த இரைச்சலையெல்லாம் ஒரே வாயில் விழுங்கிவிடுகிற ஒரு குரல் அங்கே உண்டு. அது சொர்ணத்தின் குரல். அவள் ஒரு தரம் "டேய்" என்று கூப்பிட்டால் தெருவில் இருக்கிற ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். சாவி போடாத வண்டி ரெண்டு தானாக ஸ்டார்ட் ஆகும்.

கிருஷ்ணப்பாவின் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷமாக வண்டி கழுவுகிறவள் அவள்தான். போர்டில் 'வாட்டர் சர்வீஸ்' என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் சொர்ணம். புடவை மேல் ஒரு காக்கிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் பிரஷர் பைப். மூன்று வருஷத்துச் சேற்றை அந்தப் பைப் மூன்று நிமிஷத்தில் பிய்த்தெறியும். சொர்ணம் வாயைத் திறந்தால் அந்த மூன்று நிமிஷம்கூட ஆகாது.

கோபம் அவளுக்கு மூக்குக்கு மேலே என்று சொல்ல முடியாது. மூக்கு, காது, கொண்டை எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு சும்மாடு மாதிரி உட்கார்ந்திருக்கும். புருஷன் ஷாமியானா போடுகிறவர். மைசூரில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போனவர், அங்கேயே தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு தங்கிவிட்டார். அதற்கப்புறம் சொர்ணம் கோரமங்களாவில் வீட்டு வேலைக்குப் போனாள். நாலு மாசத்தில் நாலு வீடு. கடைசி வீட்டில் அவளுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக ஜன்னலுக்கு வெளியே மாட்டி வைத்திருந்தார்கள். சொர்ணம் காபியை சிங்க்கில் கொட்டினாள், டம்ளரை மூணாவது மாடியிலிருந்து விட்டாள், பின்னாலேயே தானும் கீழே வந்துவிட்டாள். படி வழியாகத்தான்.

"வண்டிங்க எவ்வளவோ தேவலை. கழுவுனா கழுவிக்கும். தனி டம்ளர் வெக்காது" என்பாள்.

அப்படிப்பட்டவள் கோபமில்லாமல் பேசுகிற ஒரே ஜீவன் பிஸ்டன். ஒர்க்‌ஷாப் நாய். ஒரு மழைக்காலத்தில் யாரோ புண்ணியவான் நல்ல பெல்ட்டோடு கேட்டில் கட்டிவிட்டு ஓடிப்போனான். பாதி உடம்பு லேப்ரடார், மீதிப் பாதிக்குப் பொறுப்பு ஏற்க யாரும் முன்வரவில்லை. கறுப்பாக, கொழுகொழுவென்று இருப்பான். காது ரெண்டும் ரெண்டு மசால் தோசை மாதிரி தொங்கும்.

வெள்ளிக்கிழமை ஆனால் ஒர்க்‌ஷாப்பில் பூஜை. கிருஷ்ணப்பா பெரிய பக்திமான். கழுவாத எதற்கும் ஆரத்தி கிடையாது என்பது அவர் சட்டம். கம்ப்ரஸர், வண்டி ஏற்றுகிற ரேம்ப், ஸ்பானர் பெட்டி, தரை எல்லாம் குளிக்கும். வரிசையில் கடைசியாக பிஸ்டனும் குளிப்பான், நெற்றியில் குங்குமம் வாங்குவான். குளிப்பாட்டுவது சொர்ணம். வேறு யாரையும் அவனைத் தொட விடமாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது.

பரத் என்று ஒரு கஸ்டமர். ஐ.டி. கம்பெனிக்காரர், நாய்ப் பிரியர். வண்டியை விட வந்தவர் குனிந்து, "ஹாய் பிஸ்டன் குட்டி" என்று தலையைத் தடவினார். கை இடது காதில் பட்டது. அவ்வளவுதான். ஈயைக்கூடக் கடிக்காத பிஸ்டன் 'வள்'ளென்று பாய்ந்து அவர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் கிழித்துவிட்டான். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பரத் போட்ட கூச்சலில் நாலு கடை தள்ளி இட்லி வெந்துகொண்டிருந்த குண்டான் மூடி பறந்தது.

கிருஷ்ணப்பா வெளியே ஓடி வந்தார். கிழிந்த சட்டையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"நோடு, பாரு சொர்ணம்மா, இது ஆகாது. கஸ்டமர் மேல கை வெச்ச நாய் கடையில இருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை டெம்போ வருது. நானே ஏத்தினு போயி சந்தாபுரா தாண்டி என் மச்சான் லேஅவுட்ல விட்டுட்டு வரேன்."

"அங்க யாருண்ணா இருக்காங்க? கல்லு நட்டு வெச்சிருக்கிற காலி எடம் அது! கல்லு சோறு போடுமா?"

"நாய் பொழச்சுக்கும்."

"நீங்க போயி ரெண்டு நாள் இருந்து பொழச்சுக் காட்டுங்க, அப்பால பேசலாம்!"

கிருஷ்ணப்பா விறுவிறுவென்று உள்ளே போனார். முதலாளிகள் தோற்றுப்போகும்போது அப்படித்தான், உள்ளே வேலை வந்துவிடும். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று சொர்ணத்துக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் காது ஆறியாக வேண்டும்.

அவள் பிஸ்டனைப் பக்கத்தில் இழுத்து, தோசையைத் தூக்குகிற மாதிரி இடது காதை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே செக்கச்செவேல். காபித்தூள் மாதிரி பழுப்பு அழுக்கு. அடித்த நாற்றத்தில் பெட்ரோல் வாசனையே தோற்று ஓடியது. கூடவே இன்னொரு வாசனையும் வந்தது. பூண்டு.

"ஷெர்வினு!"

மெக்கானிக் ஷெர்வின் ஒரு இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தான். ஆறடி உயரம், பல்லி விழுந்தால் மயக்கம் போடுகிற மனசு. அப்படியே இன்ஜினுக்குள்ளேயே குடியிருந்துவிடலாமா என்று பார்த்தான். சொர்ணம் விடவில்லை.

"இவன் காதுல பூண்டு வாசனை எப்பிட்றா வந்துச்சு? பிரியாணி துன்னானா காதால?"

"இல்லக்கா... தலைய ஆட்டிக்கினே இருந்தான். எங்கம்மா எனக்கு சின்ன வயசுல தேங்கா எண்ணெயில பூண்டு காச்சி ஊத்துவாங்க. அதான் நேத்து ஒரு ஸ்பூனு..."

"ஒரு ஸ்பூனா! வேற இன்னா பண்ண? முழுசா சொல்லிடு."

"ஈரமா இருந்துச்சேன்னு... ஏர் பைப்ல லேசா ஒரு அடி."

கார்புரேட்டர் அடைத்தால் ஏர் அடி. செயினில் மண் சேர்ந்தால் ஏர் அடி. டிபன் பாக்ஸ் காயவில்லையா, அதற்கும் ஏர் அடி. இந்தத் தெருவில் எது ஈரமாக இருந்தாலும் வைத்தியம் அது ஒன்றுதான். அதை ஷெர்வின் நாயின் காதிலும் செய்துவிட்டான்.

அடுத்த கால் மணி நேரம் சொர்ணம் பேசியதை எழுதினால் பேப்பர் தீப்பிடிக்கும். நடுவில் பரத், கிழிந்த சட்டைக் கையோடு, உதவி செய்கிற நல்லெண்ணத்தில் போனை நீட்டினார்.

"இதுல ஒரு வீடியோ இருக்கு ஆன்ட்டி. வினிகரை தண்ணியில கலந்து ஊத்தினா போதுமாம், வீட்லயே..."

"புண்ணு மேல வினிகரா? மொதல்ல உங்க காதுல ஊத்திக்குங்க சார். நல்லா இருந்துச்சுன்னா நாளைக்கு வந்து சொல்லுங்க, நாய்க்கு ஊத்தறேன்!"

பரத் வண்டியைக்கூட விடாமல் போனார்.

மறுநாள் காலை சொர்ணம் பிஸ்டனைக் கூட்டிக்கொண்டு அரசாங்க மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நாயை ஏற்ற எந்த ஆட்டோவும் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டோக்காரனுக்கும் ஒரு வசவு கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசியில் ஷெர்வினின் ஸ்கூட்டரில் போனார்கள். முன்னால் பிஸ்டன், நடுவில் ஷெர்வின், பின்னால் சொர்ணம். ஓசூர் ரோடு சிக்னலில் நின்றபோது பஸ்ஸில் இருந்த முப்பது பேர் போட்டோ எடுத்தார்கள். முப்பது பேரையும் திட்டி முடிப்பதற்குள் சிக்னல் விழுந்துவிட்டதில் அவளுக்கு வருத்தம்.

ஷெர்வின் வெளியே ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொர்ணம் மட்டும் நாயோடு உள்ளே போனாள்.

டாக்டர் மமதா சின்னப் பெண். நாயின் வாயில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, காதுக்குள் குழல் வைத்த விளக்கை விட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழுக்கைக் குச்சியில் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, பக்கத்து அறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நல்லவேளை, உள்ள ஜவ்வு கிழியல. கிழிஞ்சிருந்தா நாம போடற மருந்தே அவனுக்கு விஷமாயிருக்கும். வீட்ல என்னென்ன ஊத்துனீங்க?"

இதற்காகத்தானே சொர்ணம் காத்திருந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் கம்ப்ளெய்ன்ட் எழுதிக் கொடுக்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேடம், எழுதிக்குங்க. ஷெர்வின்னு ஒருத்தன். பூண்டு எண்ணெ ஒரு ஸ்பூன், ஏர் பைப் ஒரு அடி. பரத்னு ஒருத்தர், வினிகர் ஊத்தப் பாத்தாரு, நான்தான் தடுத்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் தப்புதான். ஆனா அது நேத்திக்கு, முந்தாநேத்திக்கு பண்ணது. இது பழைய காளான், பூஞ்சை. ரெண்டு மூணு மாசமா வந்து வந்து போயிருக்கு. இவனைக் குளிப்பாட்றது யாரு?"

"நான்தான் மேடம்!" சொர்ணத்தின் முகத்தில் ஒரு பெருமை. "வாராவாரம் வெள்ளிக்கெழம. பிரஷர் பைப்ல. வேற எந்த நாயும் இவ்ளோ சுத்தமா இருக்காது."

"காதுலயும் அடிப்பீங்களா?"

"காதுலதான் மொதல்ல! அழுக்கு சேர்ற எடமாச்சே. தூக்கிப் புடிச்சு உள்ள வரைக்கும் அடிப்பேன். அப்பதான..."

அந்த வாக்கியம் முடியவில்லை. டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் அது நடுவழியிலேயே பஞ்சர் ஆகிவிட்டது.

"சிங்க்குக்குக் கீழ வளைஞ்ச பைப் இருக்குல்ல? நாய்க் காது உள்ள அப்படித்தாம்மா. கீழ போயி திரும்பும். போன தண்ணி வெளிய வராது. மேல காது வேற மூடி மாதிரி தொங்குது, காத்து போகாது. உள்ளயே ஊறி காளான் பிடிக்குது. சனிக்கிழமைல தலைய ஜாஸ்தி ஆட்டுவானே?"

ஆட்டுவான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டுவான். சந்தோஷத்தில் ஆட்டுகிறான் என்று சொர்ணம் ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுடைய கோபம் கிளம்பியது. ஷெர்வினிடம் போனது, அங்கே நிற்க முடியவில்லை. டாக்டர் பக்கம் திரும்பியது, சின்னப் பெண், உண்மையைச் சொல்லிவிட்டது. போக இடமில்லாமல் திரும்பி வந்து சொர்ணத்தின் நெஞ்சுக்குழியிலேயே உட்கார்ந்துகொண்டது. அதன் கனம் என்ன என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அதைத்தான் ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறியிருக்கிறாள்.

டாக்டர் ரெண்டு பாட்டில் கொடுத்து, செய்கிற விதத்தையும் ஒரு தரம் செய்து காட்டினார். முதலில் கழுவுகிற மருந்து. காதைத் தூக்கி, நிறைய ஊற்றி, காதின் அடிப்பக்கத்தை வெளியிலிருந்தே அரை நிமிஷம் பிசைய வேண்டும், உள்ளே சளக் சளக் என்று கேட்கும். பிறகு விட்டுவிட்டால் அவனே தலையை ஆட்டி வெளியே தள்ளுவான். வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைக்கணும், குச்சி உள்ளே போகவே கூடாது. கொஞ்சம் காய்ந்ததும் ரெண்டாவது பாட்டில் சொட்டு மருந்து. காலையும் மாலையும், பதினாலு நாள்.

"நடுவுல நல்லாயிட்டா மாதிரி தெரியும், நிறுத்தாதீங்க. பதினாலாம் நாள் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காதுல படக் கூடாது."

வெளியே ஷெர்வின் நகம் கடித்துக்கொண்டு நின்றான். "டாக்டர் இன்னாக்கா சொன்னாங்க?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த உண்மையை சொர்ணம் விழுங்கினாள்.

"இன்னா சொல்வாங்க? நீ ஊத்துன எண்ணெயிலயும் நீ அடிச்ச காத்துலயும் காது அவிஞ்சி போச்சாம். வண்டிய எட்றா!"

திரும்பி வருகிற வழியில் ஷெர்வின் ஸ்கூட்டரை மெதுவாகவே ஓட்டினான். சிக்னலில் குனிந்து பிஸ்டனிடம் "சாரிடா" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த சொர்ணத்துக்கு அது ஆயிரம் வாட்ஸ் ஸ்பீக்கரில் கேட்டது.

ஒர்க்‌ஷாப் தரை எப்போதும் ஈரம். அதனால் பிஸ்டனை ஈஜிபுராவில் இருக்கிற தன் ஒற்றை ரூமுக்குக் கூட்டிப்போனாள். பத்துக்குப் பத்து ரூம். கட்டிலில் பிஸ்டன், தரையில் சொர்ணம். ஷெர்வினின் வீடு ரெண்டு தெரு தள்ளி. காலையும் மாலையும் அவன் வந்து நாயைக் கட்டிப்பிடித்துக்கொள்வான், அவள் மருந்து விடுவாள். பிடிக்கிற ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வசவு விழும்.

"இறுக்கிப் புடிக்காத, அது இன்னா இன்ஜினா? லூசாவும் வுடாத! பண்றதெல்லாம் பண்ணிட்டு மூஞ்சியப் பாரு, சர்ச்சு மெழுகுவர்த்தி மாதிரி."

"ஞாயித்துக்கெழம இதுக்கே பாவமன்னிப்பு கேக்கப் போறேன்கா" என்றான் அவன், நிஜமாகவே.

சொர்ணம் அன்றைக்கு இன்னும் சத்தமாகத் திட்டினாள். உள்ளே குத்தினால் அவளுக்கு வெளியே அப்படித்தான் வரும்.

வியாழக்கிழமைக்குள் நாற்றம் பாதியாகக் குறைந்தது. பிஸ்டனும் மாறிவிட்டான். முதல் நாள் காதைத் தொட்டால் உறுமினவன், இப்போது பிசையும்போது கண்ணைச் செருகிக்கொண்டு, பின்னங்காலை உதறி, போதாது இன்னும் பிசை என்று தலையைக் கொண்டுவந்து மடியில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை. பகலெல்லாம் பிஸ்டன் அவள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டி வந்திருந்தாள். அவனை ஈரத்துணியால் உடம்பை மட்டும் துடைத்து, தண்ணி எட்டாத மூலையில் டயர் அடுக்குக்குப் பின்னால் கட்டிவிட்டு, பூஜைக்கு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் நாய் ரேம்ப் மேல் நிற்கிறது. ஷெர்வின் அவனைக் கட்டிப்பிடித்திருக்கிறான், நாலு நாளாகப் பழகின பிடி. கிருஷ்ணப்பா வேட்டியை மடித்துக் கட்டி, பிரஷர் பைப்பை எடுத்துவிட்டார்.

"கழுவாத நாய்க்கு ஆரத்தி எப்படி காட்றது? போறதுக்கு முன்னாடி கடைசி பூஜை, சுத்தமா இருக்கட்டும். ஷெர்வினு, காதைத் தூக்கு. அழுக்கெல்லாம் அங்கதான."

ஷெர்வின் காதைத் தூக்கினான். அவனுக்கு என்ன தெரியும்? பூண்டும் காற்றும்தான் கெட்டது என்றல்லவா அவனுக்குச் சொல்லியிருந்தது. நல்ல தண்ணி, நல்ல காரியம்.

சொர்ணம் கத்தினாள். மோட்டார் சத்தத்தில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் குரல் எடுபடவில்லை. எலுமிச்சம்பழத்தை வீசிவிட்டு ஓடி, பைப்புக்கும் காதுக்கும் நடுவில் புகுந்து நின்றாள். தண்ணி மொத்தமும் அவள் மார்பிலும் முகத்திலும் அறைந்தது. பின்னால் நகரவில்லை. மண்புழு மாதிரி நெளிந்துகொண்டே நின்று கத்தினாள்.

"நிறுத்துங்கண்ணா! தண்ணிதான் கேடு! தண்ணியாலதான் காது போச்சு! வாராவாரம் உள்ள அடிச்சி அடிச்சி நான்தான் கெடுத்தேன்! டாக்டரு சொல்லிட்டாங்க!"

கிருஷ்ணப்பா மோட்டாரை நிறுத்தினார்.

ஷெர்வின் நாயை விட்டு எழுந்தான். "டாக்டரு... என்னால இல்லன்னு சொன்னாங்களா?"

"உன்னாலயும்தான். கொஞ்சம்."

"கொஞ்சம்! நாலு நாளா எனக்கு சோறு எறங்கலக்கா. ராத்திரில இவன் உறுமுறது கனவுல வருது. எங்கம்மா செஞ்ச வைத்தியத்தையே தப்புன்னு அவங்ககிட்ட போயி சண்ட போட்டேன். தெரிஞ்சே என்னத் திட்டுனியா?"

"திட்டாம இன்னா பண்ணுவாங்க, மண்டையில..."

"பேசாத!" என்றான் ஷெர்வின்.

தெரு அசந்துபோனது. எதிர்க் கடையில் லேத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சொர்ணத்தைப் பார்த்துப் பேசாதே என்று சொன்ன முதல் மனுஷன் அவன். ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போயேவிட்டான்.

அன்று மாலை மருந்து போட அவன் வரவில்லை. சொர்ணம் தனியாகவே முயன்றாள். ஒரு கையில் நாய், ஒரு கையில் காது, மூன்றாவது கை கடவுள் கொடுக்கவில்லை. மருந்து அவள் மூக்கிலும் தலையணையிலும் விழுந்தது, காதைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. ஒரு வேளை தப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். இன்னும் ரெண்டே நாளில் டெம்போ வரும் என்பதையும் யோசித்தாள்.

நாயை இழுத்துக்கொண்டு ரெண்டு தெரு நடந்து ஷெர்வின் வீட்டு வாசலில் போய் நின்றாள். மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் ஷெர்வினு! எறங்கி வாடா! தப்பு என்னுதுதான்! வேணும்னேதான் உன் தலையில போட்டேன்! எனக்கு அத தாங்கிக்கத் தெரியல, போதுமா? ஈஜிபுரா மொத்தத்துக்கும் கேட்டுச்சா?"

ஜன்னல் திறந்தது. "மடிவாளா பக்கம் சரியா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு."

"செருப்பு பிஞ்சிடும்! வந்து புடிடா நாய!"

வந்தான். படிக்கட்டின் கீழேயே உட்கார்ந்து பிடித்தான். அவள் மருந்து விட்டாள். முடிந்ததும், "என்னை இனிமே பண்ணதுக்கு மட்டும் திட்டு, பண்ணாததுக்குத் திட்டாத" என்றான். அவள் தலையை ஆட்டினாள். பிஸ்டனும் ஆட்டினான், மருந்து ரெண்டு பேர் மேலும் தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டெம்போ வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. சொர்ணம் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றாள். கிருஷ்ணப்பா பின்கதவைத் திறந்து, "ஆயித்து சொர்ணம்மா, முடிஞ்சுது, அழாத" என்றார்.

"யாரு அழறா? எரியுது எனக்கு! அஞ்சு நாள் மருந்துலயே பாதி ஆறிடுச்சு. இன்னும் ஒம்பது நாளு இருக்கு. லேஅவுட்டுல கல்லா வந்து மருந்து போடும்?"

"ஆறிடுச்சுன்னு நீ சொன்னா போதுமா? நாளைக்கு இன்னொரு கஸ்டமர் தொட்டா?"

பிஸ்டன் துரோகி. டெம்போவைக் கண்டதும் ஊர்வலம் போகப் போகிற குஷியில் ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தான். "எறங்குடா நன்றி கெட்டவனே!" என்று சொர்ணம் போட்ட சத்தத்தில் டெம்போ கண்ணாடி அதிர்ந்தது. அவனைக் கயிற்றில் கட்ட கிருஷ்ணப்பா உள்ளே கையை நீட்டினார். கை இடது காதில் பட்டது.

கிருஷ்ணப்பா கையை இழுக்கப் பார்த்தார். பிஸ்டன் விடவில்லை. உறுமவும் இல்லை. காதின் அடிப்பக்கத்தைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் அழுத்தி, கண்ணைச் செருகி, பின்னங்காலால் டெம்போ தரையில் தாளம் போட்டான். மணி எட்டு. அவனுக்குப் பிசைகிற நேரம்.

கிருஷ்ணப்பா லேசாகப் பிசைந்தார். பிஸ்டன் முனகினான். இன்னொரு தரம் பிசைந்தார். "அய்யோ, இதுக்கு இது புடிக்குதா?" என்றார் சின்னக் குரலில். டெம்போ டிரைவர் ஹார்ன் அடித்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரெண்டாவது ஹார்னுக்கு, "நீ போப்பா, இன்னிக்கு லோடு இல்ல" என்றார், கையை எடுக்காமலேயே.

சொர்ணம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும்.

"இன்னாண்ணா சும்மா தடவினு நிக்கிறீங்க? போயி சோப்பு போட்டு கைய கழுவினு வாங்க! ஷெர்வினு சர்ச்சுக்குப் போயிருக்கான், இன்னிக்கு புடிக்க ஆள் இல்ல. நீங்கதான் புடிக்கணும். இறுக்கிப் புடிக்காதீங்க, லூசாவும் வுடாதீங்க. போங்க சீக்கிரம்!"

கிருஷ்ணப்பா கையைக் கழுவப் போனார்.